வீசம்படி வெளிச்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல போட்டோகிராபர் இல்லை. வில்லியனூர் கடைத்தெருவில் பதினோரு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பாகூர் வரைக்கும் சைக்கிளில் ஓடினேன். கழுத்தில் கேமராவும் தோளில் பிளாஷ் பெட்டியுமாகப் பெரிய மனுஷன்போலத் திரிந்தேன். ஆனால் அந்தக் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று என் கண்ணைத் திறந்து காட்டியது நவதானியக் கடை சிவகாமசுந்தரி அக்கா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

அக்காவைத் தெரியாதவர்கள் அன்றைக்கு வில்லியனூரில் கிடையாது. வைத்தியலிங்கம் செட்டியாரின் மனைவி. கேழ்வரகை ஒரு கை அள்ளிப் பார்த்தே எத்தனை வெயில் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். ஈரத் தானியத்தைக் காய்ந்ததென்று கொண்டுவந்து நிற்கிற ஆளை அவர் பேசுகிற பேச்சில், அந்த ஆள் அடுத்த வாரம் வேறு கடை பார்த்துப் போவான். வாய் அப்படி. செட்டியார் அதற்கு நேர்மாறு. நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அவர்களுக்கு ஒரே மகன், வேணு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, போனவன். எழுபத்து நான்காம் வருஷம், லீவில் ஊருக்கு வந்த கரையாம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் அம்மாவுக்கென்று ஒரு ஜப்பான் கேமரா கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு கடிதம். வளையத்தைத் திருப்பி 'ஏ' என்ற எழுத்தில் வைத்துவிடு, வெளிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், நீ தூரத்தை மட்டும் சரிசெய்து பொத்தானை அமுக்கினால் போதும் என்று எழுதியிருந்தான். அக்கா அமுக்கினார். கன்றுக்குட்டி, தேர், கடை வாசலில் மூட்டை இறங்குவது, எதிர்க்கடைக்காரர் கொட்டாவி விடுவது என்று எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளினார். நான்தான் கழுவி பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். எல்லாம் தெளிவாக விழுந்திருக்கும். இப்படி ஆளாளுக்கு அமுக்கினால் என் பிழைப்பு என்ன ஆவது என்று உள்ளுக்குள் எரிச்சல்தான்.

மறு தை மாதம் செட்டியாருக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டின் உள்ளறையில் படுக்கப் போட்டார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. முற்றத்துப் பக்கம் திறக்கிற கதவு ஒன்றுதான். முற்றத்துக்குத் தூக்கி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சிரைப்பார். இடது கை மட்டும் சும்மா இருக்காமல் போர்வை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தூக்கத்திலும் தேய்க்கும் என்பார்கள். பார்க்க வந்த டாக்டர் ஒருவர், "ஆளுக்கு நினைவு இல்லம்மா. நீங்க பேசறது எதுவும் உள்ள போவாது. ஆடி தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உள்ள போவாதுன்னு இவுரு உள்ள போயி பாத்துட்டு வந்தாரா?" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்குக் கடையில் யாரையும் திட்டவில்லை என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வேணுவுக்குத் தந்தி போனது. லீவு புரட்டாசிக்கு முன்னால் கிடைக்காது என்று பதில் வந்தது. பின்னாலேயே கடிதம். "அப்பா முகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. கண்ணு தொறந்திருக்கணும். நான் வர்றதுக்குள்ள என்னாவுமோ தெரியாது. ஒரு தடவை பாத்துக்கிறேன்." அக்கா அதை என்னிடம் படிக்கச் சொன்னபோது நான் மூன்றாவது ஆள், ஏற்கெனவே இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்.

மறுநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"சூசை, இது மாட்டேங்குதுப்பா. அந்த ரூம்ல வெச்சா உள்ள செவப்பா ஒண்ணு வருது. பொத்தான அமுக்கினா அமுங்கவே மாட்டேங்குது. அவுரக் காட்டினா மட்டும் அடம் புடிக்குது."

"வெளிச்சம் பத்தலக்கா. 'ஏ'ல வெச்சா அப்படித்தான். அதுக்கு வெளிச்சம் போதாதுன்னு தோணிட்டா பூட்டிக்கும். கவலைப்படாத, நான் வந்து பிளாஷ் போட்டு எடுத்துத் தரேன்" என்றேன்.

பந்தாவாகப் போனேன். செட்டியார் கண் திறந்துதான் இருந்தது. எட்டடி தள்ளி நின்று பிளாஷைப் போட்டேன். அவர் உடம்பு தூக்கிப் போட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, மூச்சு அடைத்தது, வாய் ஓரம் நுரை தள்ளியது. அக்கா என்னை நகர்த்திவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. நான் முற்றத்தில் நின்று அழுதேன். படத்தைக் கழுவிப் பார்த்தால் அதில் கண் மூடியிருந்தது.

அத்தோடு அக்கா என்னை வீட்டுப் பக்கம் சேர்க்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் மறுபடி ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்தார். கேமராவை மேஜைமேல் வைத்தார்.

"இந்த 'ஏ'வ உட்டுட்டா பக்கத்துல நம்பரு போட்டிருக்கே. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அதெல்லாம் இன்னாத்துக்கு?"

"அது நாமளே வைக்கிறதுக்கா. வெயில்ல பதினாறு. மப்பா இருந்தா எட்டு. நெழல்ல நாலு. நம்பர் ஏறினா ஓட்டை எறங்கும்."

"ஏன்?"

எனக்குத் தெரியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆள் அப்படித்தான் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குத் தலையில் குட்டினார். பதினோரு வருஷம் அந்தக் குட்டோடு ஓட்டிவிட்டேன்.

அக்கா கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைச் சுற்றி எழுதியிருந்ததைக் காட்டி, "இது இன்னா எழுத்து?" என்றார். 1:2 என்று போட்டிருந்தது. ஒன்றுக்கு ரெண்டு என்றேன்.

"ஒண்ணுக்கு ரெண்டுன்னா அரை. அப்ப நாலுன்னா கால். எட்டு, அரைக்கால். பதினாறு, வீசம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்பா, கால்படி பெருசா, வீசம்படி பெருசா?"

பத்து வயசில் இதே அக்காவின் கடையில் வீசம்படி எள்ளு வாங்கியவன் நான். ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. எண் ஏற ஏற ஓட்டை சிறுக்காமல் வேறு என்ன செய்யும்?

உள்ளே பிலிம் இல்லை. பின்பக்க மூடியைத் திறந்து, பொத்தானை அமுக்கியிருக்கும்வரை உள்கதவு திறந்தே நிற்கும் 'பி'யில் வைத்து, ஜன்னலைப் பார்க்கப் பிடித்துக் காட்டினேன். வளையத்தை அரையிலிருந்து வீசத்துக்குத் திருப்பினேன். நடுவில் இருந்த வட்டம் மெல்லச் சுருங்கி மிளகளவு ஆனது. அக்கா கிட்டே வந்து கண்ணை ஒட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். பிறகு தானே திருப்பிப் பார்த்தார். வட்டம் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. "இவ்வளவு நாளா இது உள்ள ஒக்காந்து படி போட்டுக்கிட்டு இருந்திருக்குது பாரேன்" என்றார். அவர் குரலில் கோயிலுக்குள் பேசுகிற பணிவு இருந்தது. நான் தினமும் கையில் வைத்திருக்கும் சாமான்தானே அது!

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கேமராவில் இரண்டு கணக்கு இருக்கிறது: ஓட்டை எவ்வளவு பெரிசு, அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. ஓட்டைதான் படி, நேரம்தான் எத்தனை தடவை ஊற்றுகிறோம் என்பது, மொத்தம் பிலிமுக்குப் போதுமான அளவு விழவேண்டும். இதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவராகவே சொன்னார். வெயிலில் வீசம், நேரம் விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு என்று நான் சொன்னதை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு, ஒரு ரோல் பிலிம் வாங்கிப் போனார். மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதை வீசத்தில் ஒன்று, அரைக்காலில் ஒன்று, காலில் ஒன்று என்று எடுத்தார். படி இரட்டித்தால் நேரம் பாதி. தானியக் கடைக்காரர் கணக்கு, தப்பே வராது என்று இருவரும் நம்பினோம்.

கழுவிப் பார்த்தேன். வீசம் சரி. அரைக்கால் நெகடிவ் கொஞ்சம் கறுப்பு. கால் நெகடிவ் கரிக்கட்டை. தேவைக்கு மேல் வெளிச்சம் கொட்டியிருந்தது.

"படி பொய்யா அளக்குது" என்றார் அக்கா. முகம் சுண்டிவிட்டது. அவர் கடையில் அந்தச் சொல்லைவிடப் பெரிய வசவு கிடையாது. இரண்டு நாள் ஆள் வரவில்லை. சித்திரை பிறந்திருந்தது, செட்டியார் கஞ்சியைக்கூடச் சரியாக விழுங்குவதில்லை என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் முந்தானையில் எதையோ மூடிக்கொண்டு வேகமாக வந்தார். மேஜைமேல் ஒரு பெரிய அப்பளத்தை வைத்தார். பக்கத்தில் அதில் பாதி அகலத்துக்குச் சின்ன அப்பளம் நாலு.

"இன்னாக்கா, எண்ணெய் சட்டி நான் வைக்கணுமா?"

"வாய மூடிக்கிட்டுப் பாருப்பா. பெரிசுக்கு உருட்டுற மாவுல பாதி அகலத்துக்குச் சின்னது தட்டினா ரெண்டா வருது? நாலு வருது. எத்தனை வருஷமா தட்டுறேன், புத்தி எங்க போச்சு! இந்த அரையும் காலும் ஓட்டையோட அகலத்துக்குப்பா. கொள்ளளவுக்கு இல்ல. அகலம் ரெண்டு மடங்குன்னா நாலு மடங்கு ஊத்தும். படி பொய் சொல்லல, நான்தான் தப்பா கேட்டுட்டேன்."

கேமராவை எடுத்துப் பார்த்தேன். எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் பதினொன்று. நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் ஐந்தரை சொச்சம். இந்த நடு எண்கள் எதற்கு என்று எனக்கு எந்த நாளும் தெரிந்ததில்லை. வெளிச்சம் இரட்டிப்பது அந்த நடு எண்களில்தான். தானியக் கடைக்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கமாட்டார். அப்பளம் தட்டுகிறவர் தவிர வேறு யாரும் அதை இரண்டு நாளில் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கை கூப்பத் தோன்றியது.

"கும்புட்டது போதும். அந்த ரூமுக்கு எவ்வளவு ஊத்தணும், அதச் சொல்லு."

அதை யாராலும் உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்கவேண்டும் என்றேன். ஓட்டையை முழுசாகத் திறந்தால் தூரக் கணக்கு நூலளவு பிசகினாலும் முகம் மங்கிவிடும், காலில் வைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் நல்லது என்பதும் என் பங்குக்கு நான் சொன்னது. எனக்கும் ஏதாவது தெரிந்திருக்கவேண்டும் அல்லவா.

செட்டியார் கட்டிலின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு பூசணிக்காயை வைத்து, அக்கா நாலு படம் எடுத்தார். 'பி'யில் வைத்து, பொத்தானில் மாட்ட நான் கொடுத்த அழுத்துகம்பியைப் பிடித்துக்கொண்டு, தானே மனசுக்குள் எண்ணி. ரெண்டு எண்ணிக்கை, நாலு, எட்டு, பதினாறு. அந்தப் பிலிமை டார்க் ரூமில் கழுவி வெளியே கொண்டுவந்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். முதல் படத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் நிழல். மூன்றாவதில் பூசணிக்காயின் வரிவரியான கோடு, காம்பு, ஸ்டூலின் ஆணி, பின்னால் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு, எல்லாம் இருந்தது. கேமரா இருட்டு என்று பூட்டிக்கொண்ட அதே அறை. அதே பகல்.

"பூசணிக்காய்க்கு மாப்பிள்ளை பாக்கலாம்க்கா, அவ்வளவு நல்லா வந்திருக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெகடிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டுன்னு நெனச்சமே, சூசை. அங்க வெளிச்சம் இருந்துகிட்டேதான் இருந்திருக்குது. கொஞ்சமா வருது, நாமதான் காத்திருக்கணும்."

ஆனால் பூசணிக்காய் அசையாது. மனுஷன் எட்டு எண்ணும்வரை அசையாமல் இருக்கவேண்டும். நல்ல ஆரோக்கியமான மாப்பிள்ளைகளே என் முன்னால் ஒரு விநாடி நிற்கமாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாத, யாரையும் அடையாளம் தெரியாத, கை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருக்கிற மனுஷரை எப்படி? கேட்டும்விட்டேன்.

"இருப்பாரு" என்றார் அக்கா.

வைகாசி முதல் வாரம், மதியம். முற்றத்துக் கதவை விரியத் திறந்து வைத்தார். தானியம் அளக்கும் மரக்கால் ஒன்றைக் கவிழ்த்து ஸ்டூல்மேல் வைத்து, அதன்மேல் கேமராவை உட்கார்த்தினார். செட்டியாரின் மூக்கிலிருந்து கேமராவரை நூல் பிடித்து அளந்தார். ஐந்து அடி. தலையணை இரண்டை வைத்து அவரைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது, எங்கேயோ பார்த்தது. இடது கை போர்வையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி, விநாடி சொல்லட்டுமா என்றேன்.

"உன் கடியாரம் வேணாம். பூசணிக்காய்க்கு எண்ணினவ நான், இதுக்கும் நானே எண்ணிக்கிறேன்."

கம்பியை அழுத்தினார். கேமராவுக்குள் மெல்லிய சத்தம் கேட்டது. உடனே அவர் வாய்விட்டு, கடையில் எண்ணுகிற அந்த நீட்டிய குரலில் சொன்னார்:

"லாபம்..."

தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் படிக்கு லாபம் என்பார்கள். இரண்டாம் படியிலிருந்துதான் எண். அந்தக் கடையில் முப்பது வருஷம் செட்டியார் குனிந்து அளப்பார், அக்கா மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார். எண்ணிக்கை ஓடும்போது அங்கே யாரும் பேசக்கூடாது. ஒரு எண் தவறினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து அளக்கவேண்டும்.

"ரெண்டு... மூணு..."

போர்வையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் அதையே பார்த்தேன். நாலு மாதமாக ஓயாத கை. நின்றே இருந்தது.

"நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... எட்டு."

கம்பியை விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

பிலிமைக் கழுவிக் காயவைத்துப் பிரிண்ட் போடப் போனபோது அக்காவும் என்னோடு டார்க் ரூமுக்குள் வந்தார். சிவப்பு விளக்கில் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டு ஆட்டினேன். முதலில் தலையணை ஓரம் வந்தது. பிறகு நெற்றி, திருநீறு, இரண்டு கண். கேமராவைப் பார்க்கவில்லை அந்தக் கண். அதற்குச் சற்று இடது பக்கம், அக்கா நின்றிருந்த இடத்தை நேராகப் பார்த்தது. இமை மயிர்கூடத் தனித்தனியாக விழுந்திருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தை நான் எடுத்ததில்லை. இனி எடுக்கப்போவதும் இல்லை.

வாய் மட்டும் சரியாக வரவில்லை. மீசைக்குக் கீழே உதடு இருக்கவேண்டிய இடத்தில் புகைபோல ஒரு கலங்கல்.

"ஐயோ, வாய் ஆடிடுச்சுக்கா. எல்லாம் நல்லா வந்து அது ஒண்ணுதான். விடு, பென்சில் வெச்சு நான் சரி பண்ணிடறேன், வேணுவுக்குத் தெரியாது."

அக்கா சிவப்பு விளக்குக்குக் கிட்டே குனிந்தார். ரொம்ப நேரம் அந்தக் கலங்கலையே பார்த்தார். பிறகு தன் உதட்டை மெல்ல அசைத்துப் பார்த்தார். சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக.

"கை வைக்காதப்பா அதுல" என்றார். "ஆடலப்பா அது. எண்ணியிருக்காரு. என்கூடச் சேந்து எண்ணியிருக்காரு."

ஈரப் படத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தார். செருப்புகூடப் போடவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளறையில் கட்டில் ஓரம் உட்கார்ந்து செட்டியார் முகத்துக்கு நேரே குனிந்தார். கேமரா இல்லை, கம்பி இல்லை. "லாபம்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கை நின்றது. செட்டியார் அவரைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு பிரிந்தது, இழுபட்டது, குவிந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அது ரெண்டு. நான் என் கண்ணால் பார்த்தேன், அது ரெண்டுதான்.

"மூணு" என்றார் அக்கா. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் கடையில் கேட்கிற அதே குரல்.

செட்டியார் நாலு சொன்னார். அக்கா அஞ்சு சொன்னார். எட்டு வந்தது. அவர்கள் நிறுத்தவில்லை.